ஓடைக்கு எத்தனை அடி, பலகைக்கு எத்தனை அடி?

கேள்வி: ஜார்ஜியாவில், அட்லான்டாவுக்கு வடக்கே ஒரு புறநகரில் வசிக்கிறோம். ஓடைப் பாதுகாப்பு விதிகளையும் பலகை விதிகளையும் திருத்தி எழுதுவதற்காக எங்கள் நகர மன்றம் குடிமக்கள் குழு ஒன்றை அமைத்து, அதில் என்னையும் சேர்த்திருக்கிறது. நான் கணினித் துறையைச் சேர்ந்தவன், சட்டம் படித்ததில்லை. ஓடைக் கரையிலிருந்து 25 அடி விட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். 75 அடி விட வேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? விதியை எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டும் சரிதான். 25 அடி என்பது ஜார்ஜியா மாநிலத்தின் மண்ணரிப்பு, வண்டல் தடுப்புச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு. டிரவுட் மீன் வாழும் ஓடைகளுக்கு அதே சட்டம் 50 அடி கேட்கிறது. 2001இல் அட்லான்டாவைச் சுற்றியுள்ள கவுன்டிகளுக்காக அமைக்கப்பட்ட வட ஜார்ஜியப் பெருநகர நீர்த் திட்ட மாவட்டம் என்ற அமைப்பு தயாரித்த மாதிரி விதி இதைவிடக் கடுமையானது. கரையை ஒட்டிய 50 அடியில் மரம், செடி, புல் எதையும் தொடக்கூடாது. அதற்கு அப்பால் உள்ள 25 அடியில் தோட்டம் போடலாம், ஆனால் சிமென்ட், தார், கூரை போன்று நீர் இறங்க விடாத எதையும் அமைக்கக்கூடாது. இந்த இரண்டையும் கூட்டினால் உங்கள் ஊரில் சிலர் சொல்லும் 75 அடி வந்துவிடும். சட்டஹூச்சி ஆற்றுக்கு 1973ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது ஆற்றின் இரு கரையிலும் 2,000 அடி வரை நடக்கும் நில வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நகர எல்லை ஆற்றைத் தொடுகிறது என்றால் உங்கள் வரைவு அந்தச் சட்டத்தோடும் ஒத்துப்போக வேண்டும்.

அடிக்கணக்கை முடிவு செய்வது இந்த வேலையில் எளிதான பகுதி. எங்கிருந்து அளப்பது என்பதில்தான் வழக்குகள் பிறக்கின்றன. ஓடையின் நடுவிலிருந்தோ கரையின் மேல் விளிம்பிலிருந்தோ மாநிலச் சட்டம் அளப்பதில்லை. வழக்கமான நீரோட்டம் செடிகொடிகளை அரித்து அகற்றிய இடம் எதுவோ, அங்கிருந்துதான் அளவு தொடங்குகிறது. உங்கள் பகுதி ஓடை ஒன்றில் இறங்கிப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் செம்மண் கரை செங்குத்தாக வெட்டுண்டு, கீழ்ப்பாதி மொட்டையாகவும் மேற்பாதியில் பெரணியும் தொங்கும் வேர்களுமாக இருக்கும். அங்கே கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். எதிர்க்கரையில் மணல் திட்டு சரிந்து ஏற, அதன்மேல் புல் திட்டுத்திட்டாக முளைத்திருக்கும். அங்கே இரண்டு சர்வேயர்களை விட்டால் இரண்டு கோடு போடுவார்கள். ஆகவே கோட்டைக் குறிப்பது யார், அதை நகர அலுவலர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்வது எப்போது, அந்த ஒப்புதல் எத்தனை காலம் செல்லும் என்ற மூன்றையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். ஓடை எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீர் ஊறி ஓட்டத்தைத் தாங்கும் ஊற்றுக்கண்ணையோ, 25 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தின் நீர் வந்து சேரும் இடத்தையோ மாதிரி விதி தொடக்கமாகக் கொள்கிறது. இந்த வரையறையை விட்டுவிட்டால், மழை பெய்தால் மட்டும் ஓடும் பள்ளத்தை ஓடை என்று ஒருவரும், ஆண்டு முழுதும் கசியும் ஓடையை வெறும் வாய்க்கால் என்று மற்றொருவரும் சாதிப்பார்கள்.

விலக்குகளை எழுதும்போது ஊரின் நடைமுறையை மறந்துவிடாதீர்கள். விதி வருவதற்கு முன்பே கட்டிய வீட்டை யாரும் இடிக்கச் சொல்ல முடியாது. அதே அடித்தளத்தில் மீண்டும் கட்ட அனுமதி உண்டா, தீ விபத்துக்குப் பிறகு என்ன என்பதை மட்டும் தெளிவாக்கினால் போதும். சாலையும் குழாயும் ஓடையைக் கடக்கத்தான் செய்யும். கூடியவரை செங்குத்தாகக் கடந்தால் அழியும் கரையின் நீளம் குறையும். கழிவுநீர்க் குழாய் சரிவை நம்பி ஓடுவதால் பள்ளத்தாக்கின் அடியில், ஓடையை ஒட்டியே போகும். அதைத் தடுக்க முடியாது, எத்தனை அடி விலகிப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். (பிறர் வீட்டுத் தளத்துக்கு 75 அடி கேட்கும் நகரம் தன் குழாய்க்கு எத்தனை அடி விடுகிறது என்று பொதுக்கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.)

வேரியன்ஸ் எனப்படும் தனி விலக்குக்கு ‘உரிமையாளருக்குச் சிரமம் ஏற்பட்டால்’ என்று மட்டும் எழுதுவது கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். விதி வருவதற்கு முன்பே பிரிக்கப்பட்ட மனையாக இருக்க வேண்டும். மனையின் வடிவத்தாலோ சரிவாலோ வேறிடத்தில் கட்ட வழியில்லாமல் இருக்க வேண்டும். இழக்கும் கரைக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நட வேண்டும். இப்படிச் சரிபார்க்கக்கூடிய நிபந்தனைகளாக எழுதுங்கள். நகரம் கொடுக்கும் விலக்கு மாநிலத்தின் 25 அடிக்குள் செல்லாது, அங்கே மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவிடம் தனியாக அனுமதி பெற வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாததால் ஒப்பந்ததாரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

கேள்வி: வாடகைப் பள்ளிக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வழி காட்ட முதல்நாள் மாலை சாலைத் திருப்பங்களில் அம்புக்குறிப் பலகை வைக்கிறோம். நகர அலுவலர் அவற்றை மட்டும் பிடுங்கிச் செல்கிறார். வீடு விற்பனைப் பலகைகளும் தேர்தல் பலகைகளும் அப்படியே நிற்கின்றன. இது நியாயமா?

பதில்: முதலில் பலகை நின்ற இடத்தைப் பாருங்கள். சாலையோரப் பொது நிலமாக இருந்தால் அங்கே எந்தப் பலகைக்கும் இடமில்லை. உங்களுடையதை எடுத்தது சரி, மற்றவற்றை விட்டது தவறு. உரிமையாளரின் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் வைத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவான தீர்ப்பு ஒன்று இருக்கிறது.

அரிசோனாவின் கில்பர்ட் நகரில் சொந்தக் கட்டடம் இல்லாத சிறு தேவாலயம் ஒன்று இருந்தது. வாரந்தோறும் வெவ்வேறு இடத்தில் வழிபாடு நடத்தியதால், உங்களைப் போலவே வழிகாட்டிப் பலகைகளை நம்பியிருந்தது. நகர விதிப்படி கருத்துப் பலகை 20 சதுர அடி வரையிலும், அரசியல் பலகை 32 சதுர அடி வரையிலும் இருக்கலாம். நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் பலகைக்கோ 6 சதுர அடிதான். அதையும் நிகழ்ச்சிக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள்தான் வைத்து, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து நகரம் பாகுபடுத்துகிறது, அது பேச்சுரிமைக்கு முரண் என்று சொல்லி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2015 ஜூனில் தேவாலயத்துக்குச் சாதகமாக முடிவு சொன்னார்கள். அதன்பின் நாடெங்கும் நகரங்கள் தம் பலகை விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

முதல் கேள்வி கேட்ட குழு உறுப்பினரும் இதைப் படிக்க வேண்டும். ஓடை விதியை அமல்படுத்தும் அலுவலர் மண்ணையும் வேரையும் உற்றுப் பார்க்க வேண்டும். பலகை விதியை அமல்படுத்துபவர் பலகையைப் படிக்காமலே முடிவெடுக்க முடிய வேண்டும். உயரம், பரப்பு, சாலையிலிருந்து தூரம், விளக்கு, எண்ணிக்கை, எத்தனை நாள் நிற்கலாம் ஆகியவை அளவுநாடாவுக்கும் நாட்காட்டிக்கும் அடங்குபவை, அவற்றை நகரம் தாராளமாகக் கட்டுப்படுத்தலாம். ‘வீடு விற்பனைப் பலகை’, ‘தேர்தல் பலகை’, ‘திருவிழாப் பலகை’ என்று தலைப்பிட்டு வெவ்வேறு அளவு கொடுத்தால் சிக்கல். அதற்குப் பதிலாக, விற்பனைக்கு வந்துள்ள மனையில் கூடுதலாக ஒரு பலகை வைக்கலாம், அதில் எதையும் எழுதலாம் என்று எழுதுகிறார்கள். இது நிலத்தின் நிலையைப் பார்க்கிறதே தவிர, எழுத்தைப் பார்ப்பதில்லை. வணிகம் நடக்கும் இடத்திலேயே வைக்கும் பலகையையும் வேறிடத்தில் வைக்கும் விளம்பரத்தையும் வேறாக நடத்தலாம் என்று, டெக்சாஸின் ஆஸ்டின் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்றுக்கொண்டது. நெடுஞ்சாலையோர ராட்சதப் பலகைகளைக் கட்டுப்படுத்த விரும்பும் நகரங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி: பக்கத்து நகரத்தின் பலகை விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடாதா?

பதில்: முடியாது. அட்லான்டாவின் பெரும்பகுதி அடங்கிய ஃபுல்டன் கவுன்டியின் பழைய பலகை விதி அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றத்தில் விழுந்தது. அது நடைமுறையில் இருந்த காலத்தில் பெரிய விளம்பரப் பலகைகளுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட நிறுவனங்கள், விதியே செல்லாது என்றால் எங்களைத் தடுக்க எதுவும் இருக்கவில்லையே என்று வாதிட்டன. ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குள் கவுன்டியின் வடபகுதியில் புதிய நகரங்கள் உருவாகியிருந்தன. தாங்கள் எழுதாத விதியின் பிழைக்கு அவையும் விலை கொடுக்க நேர்ந்தது. பிழையுள்ள விதி ஒரு மாதம் அமலில் இருந்தாலும் அந்த மாதத்தில் வந்த விண்ணப்பங்கள் பின்னால் நின்று பேசும்.

ஆகவே நோக்கங்களை முகவுரையில் எழுதுங்கள். ஒரு பிரிவு விழுந்தாலும் மற்றவை நிற்கும் என்ற பிரிவையும், அனுமதிக்கப்பட்ட எந்தப் பலகையிலும் வணிகமல்லாத செய்தியை எழுதலாம் என்ற பிரிவையும் சேருங்கள். விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் தரப்படும் என்பதும் விதியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலவரையற்ற காத்திருப்பே பேச்சுரிமைத் தடையாகிவிடும். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று பிரிக்கும் விதிகளுக்கான மாநில மண்டலப் பகுப்பு நடைமுறைச் சட்டத்தின் கீழ் வரும் விதியென்றால், பொது விசாரணைக்கு 15 நாளுக்குக் குறையாமலும் 45 நாளுக்கு மிகாமலும் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வெளியாக வேண்டும். உள்ளடக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த அறிவிப்பில் தவறினால் விதியே செல்லாமல் போகலாம். நகர வழக்கறிஞரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள், கடைசிக் கூட்டத்தில் அழைப்பது வீண்.

கேள்வி: கடைப் பெயரைத் தமிழில் மட்டும் எழுதினால் நகரம் தடுக்க முடியுமா?

பதில்: கலிபோர்னியாவின் பொமோனா நகரம், வேற்று எழுத்தில் உள்ள கடைப் பலகைகளில் பாதியாவது ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும் என்று விதி செய்தது. ஆசிய வணிகர்கள் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 1989இல் அந்த விதியை ரத்து செய்தது. அது கீழ் நீதிமன்றத் தீர்ப்புதான், ஜார்ஜியாவைக் கட்டுப்படுத்தாது. எனினும் கில்பர்ட் தீர்ப்புக்குப் பிறகு அத்தகைய விதியைக் காப்பாற்றுவது எந்த நகரத்துக்கும் கடினம். கதவு எண்ணை மட்டும் தீயணைப்பு வண்டி படிக்கும்படி பெரிதாக எண்களில் எழுதிவிடுங்கள். அதைக் கேட்க நகரத்துக்கு உரிமை உண்டு.