பிஞ்சு உதிர்ந்தால் உரத்தைத் திட்டாதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். பூசணியும் சுரையும் நன்றாகப் பூக்கின்றன. ஆனால் பிஞ்சு கட்டைவிரல் அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் போட்டும் பலன் இல்லை. தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா?

பதில்: நாளைக் காலை ஆறரை மணிக்குப் பூசணிக் கொடி பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். விரிந்த பூவுக்குள் ஒரு தேனீகூட இறங்கவில்லை என்றால் உரத்தை நிறுத்திவிடலாம். இந்தக் குடும்பத்தில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண். வெறும் காம்பில் நிற்பது ஆண். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. யாராவது சுமந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் பிஞ்சு வெம்பும். அரைகுறையாக வந்தால் காய் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும்.

அந்த வேலையை நீங்களே செய்யலாம். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடு முடிச்சில் மெல்லத் தடவுங்கள். நேரம்தான் முக்கியம். பூசணி விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். சாவகாசமாகக் காபி குடித்துவிட்டுப் போனால் வேலைக்காகாது. சுரை நேர்மாறு. சாயங்காலம்தான் வெள்ளையாக விரியும், அதற்கு வழக்கமான விருந்தாளி அந்துப்பூச்சி. டார்ச்சோடு ஏறுங்கள். நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்தால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

பெட்டி? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் பரவியபோது, தேன் தொழிலுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கமே பெட்டிகள் காலியாகின. புழுக்கள் நீர் கட்டிய பை போல ஊதி அறைக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அனுபவசாலிகளுக்கே அந்தக் கதி. சரி, மே மாத வெயிலில் மாடியில் பெட்டியைக் காப்பாற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரரைச் சமாளிக்க வேண்டும்.

அதைவிட, ஊரில் ஏற்கெனவே இருக்கும் கொசுத்தேனீயை விட்டுவைப்பது சுலபம். பழைய சுவர் விரிசலில் மெழுகுக் குழாய் ஒன்று சிறிதாக நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அதன் வாசல். கொட்டாது. சிமெண்ட் பூசி அடைத்துவிடாதீர்கள். மாடியில் துளசியைப் பூக்க விடுங்கள், தேடி வரும். அசுவினிக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை அடித்துக்கொண்டிருந்தால் பூக்கும் கொடியில் நிறுத்துங்கள்; வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடப் பூக்கள் மூடியிருக்கும் நேரம் பார்த்துத் தெளியுங்கள்.

அப்புறம், பூசணியில் முதலில் சில நாள் ஆண் பூ மட்டுமே வரும். பதற வேண்டாம், அது அப்படித்தான்.