ஆளுக்கா, படகுக்கா? – வாங்குவோர் கேள்வி-பதில்

பள்ளிக்கூட லீவு தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பிரிட்ஜும் மிக்சியும் குறைந்து கடல் வந்துவிடும். இந்தமுறை முழுக்கத் திருகோணமலைக் கடற்கரைதான். நீளமான கடிதங்களை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கனடாவில் இருந்து ஆறு வாரத்துக்கு வருகிறோம். பிள்ளைகள் இரண்டு. உப்புவெளியில் வீடு எடுத்தாயிற்று. ஆறு வாரத்துக்கும் ஒரு வான் பிடிக்கச் சொல்கிறார் மைத்துனர். ஸ்கூட்டர் போதும் என்கிறார் கணவர். – ஸ்காபரோ வாசகி

மைத்துனர் வான் வைத்திருக்கிறாரா? சும்மா கேட்டேன்.

உப்புவெளி, திருகோணமலைப் பட்டணத்தில் இருந்து சுமார் 5 கிலோமீற்றர். நிலாவெளி சுமார் 15. ஆறு வாரத்தில் நாலு வாரமாவது நீங்கள் வீட்டு வாசலில் இருந்து கடலுக்கு நடந்துதான் போகப்போகிறீர்கள். அந்த நாலு வாரமும் வான் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும், கூலி ஓடிக்கொண்டிருக்கும். சாரதியின் சாப்பாடும் படுக்கையும் வேறு.

பட்டணத்தில் இருந்து நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் பஸ் எல்லாம் உங்கள் வீதியால்தான் போகும். கையைக் காட்டினால் நிற்கும். திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் போகும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். பொழுதுபட்டால் பஸ் இல்லை என்றே நினைத்துக்கொண்டு வெளிக்கிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஓட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

வானை நாளுக்கு நாள் பேசி எடுங்கள். புல்மோட்டைப் பக்கத்து அரிசிமலைக் கடற்கரைக்கு ஒரு நாள். பெயருக்கு ஏற்றபடி அரிசி அரிசியாகத்தான் மணல் இருக்கும், பிள்ளைகள் விரும்புவார்கள். கன்னியா வெந்நீரூற்றையும் சீனக்குடாப் பக்கத்து மாபிள் பீச்சையும் சேர்த்து இன்னொரு நாள். மாபிள் பீச் விமானப்படை நடத்துவது. வாசலில் டிக்கெட் எடுக்கவேண்டும், உள்ளே தண்ணீர் குளம்போல அடங்கிக் கிடக்கும். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் மூன்றாவது நாள். 2009 இல் பாலம் திறக்குமுன் அங்கே 'பாதை' ஓடியது, ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவை. அதில் ஏற வெயிலில் நின்ற காலத்தை எங்கள் வயதுக்காரர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

ஸ்கூட்டருக்கு வருவோம். கனடா லைசன்ஸை மட்டும் பையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட முடியாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதி எடுக்கவேண்டும். அதோடு நாலு பேர் ஒரு ஸ்கூட்டரில் எப்படிப் போவது என்றும் அவரிடமே கேளுங்கள்.

நானென்றால் பழைய சைக்கிள் இரண்டு வாங்கி, போகும்போது விற்றுவிடுவேன். ஆனால் வாங்குவதில் என்னைப் பின்பற்றவேண்டாம். பளபளவென்று பெயின்ற் அடித்த சைக்கிள் ஒன்றைக் கேட்ட விலைக்கே வாங்கியவன் நான். மூன்றாம் மாதம் சாம்பல்தீவுப் பாலத்தில் பெடல் காலோடு வந்துவிட்டது. மிச்சத் தூரம் உருட்டிக்கொண்டு நடந்தேன். பெயின்றுக்குக் கீழே உப்பு தின்ற இரும்பு. கடலோரம் ஓடிய சைக்கிளில் சீற்றைக் குழாயோடு கழற்றி உள்ளே பாருங்கள். ஸ்போக் கம்பிகள் ரிம்மில் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

டிசம்பரில் நிலாவெளி அறைகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. எடுக்கலாமா? – நீர்கொழும்பு

அறையை எடுக்கலாம். கடல் அந்த விலைக்குள் வராது. வாடைக் கடலில் புறாமலைத் தீவுக்குப் படகும் போகாது, பிள்ளைகளை இறக்கவும் முடியாது. மழையைப் பார்த்துக்கொண்டு புத்தகம் படிக்கிற ஆள் என்றால் தாராளமாக வாருங்கள்.

ஐந்து பேர், புறாமலைக்கு 'எல்லாம் சேர்த்து' ஒரு தொகை பேசிப் போனோம். கரையில் டிக்கெட்டுக்கு வேறு, கடலுக்குள் பார்க்கும் முகக்கண்ணாடிக்கு வேறு, லைஃப் ஜக்கெட்டுக்கு வேறு என்று வாங்கினார்கள். பேசியதைப்போல இரண்டு மடங்கு போயிற்று. – மட்டக்களப்பு

'எல்லாம் சேர்த்து.' இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் எனக்குத் தலை சூடாகிவிடும். ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

புறாமலை நிலாவெளிக் கரையில் இருந்து சுமார் 1 கிலோமீற்றர். 1963 இல் சரணாலயம், 2003 இல் தேசியப் பூங்கா. பூங்கா என்றபடியால் உங்கள் காசு இரண்டு பைகளுக்குப் போகிறது. ஒன்று படகுக்காரர் பை, மற்றது வனசீவராசிகள் திணைக்களத்தின் பை. திணைக்களக் கவுண்டரில் ஆளுக்கு ஒரு டிக்கெட், குழுவுக்கு என்று ஒரு சேவைக் கட்டணம், அதன் மேல் வரி. எல்லாம் அச்சடித்த துண்டில் வரும். அதில் பேரம் இல்லை, படகுக்காரர் குறைக்கவும் முடியாது. ஆகவே ஒருவர் 'எல்லாம்' என்று சொல்லும்போது, அந்த எல்லாத்துக்குள் இரண்டாவது பையும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் இருந்திருக்கும்.

விலை ஆளுக்கா, படகுக்கா? எத்தனை மணித்தியாலம்? கூட்டிவர அதே படகா, வேறு யாருமா? கண்ணாடியும் காற்றுக்குழாயும் யாருடையவை? கேட்க ஒரு நிமிடம் போகும். சந்தையில் அறுக்குளாவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மணந்து பார்த்து, அதற்குப் பிறகும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லும் சனம் நாங்கள். கடற்கரைக்கு வந்தால் மட்டும் என்ன கூச்சம்? காற்சட்டை போட்டால் பேரம் மறந்துபோகுமா?

ஒன்று சொல்லவேண்டும். என் அனுபவத்தில், படகை ஓட்டுகிறவருக்கு 'எல்லாம்' என்ற சொல் தேவைப்பட்டதில்லை. வீதியில் நின்று ஆள் பிடிக்கும் தரகருக்குத்தான் அது வேண்டும். கடல் அடங்கிக் கிடக்கும் சோளகக் காலத்தில் ஐந்து மாதம் உழைத்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர் படகுக்காரர். நேரே அவரிடம் போய்க் கதைத்தால் தொகையும் குறையும், அதில் அவருடைய பங்கும் கூடும்.

உங்கள் விஷயத்தில் டிக்கெட் காசு போனது போனதுதான், அது நியாயமான காசு. கண்ணாடிக்கு வாங்கியது பேச்சுப்படி பிழை. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. லைஃப் ஜக்கெட்டுக்கு வாங்கியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜக்கெட்டுக்குத் தனிக்காசு கேட்கிற படகில் ஏறவே வேண்டாம். காசை மிச்சம்பிடிக்க யாராவது ஒருவர் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வார். உங்கள் ஐந்து பேரில் யார் அப்படிச் சொன்னது?

பிறந்தது திருகோணமலை உவர்மலையில், இப்போது லண்டன். புறாமலைக் கவுண்டரில் என்னிடம் வெளிநாட்டுக் கட்டணம் கேட்டார்கள். – கையெழுத்து விளங்கவில்லை

அங்கே பார்ப்பது பிறந்த இடத்தை அல்ல, கையில் இருக்கும் ஆவணத்தை. இலங்கை அடையாள அட்டையோ இரட்டைக் குடியுரிமைச் சான்றோ இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கட்டுங்கள். மனம் நோவது எனக்கு விளங்குகிறது. அதைக் கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம் காட்டவேண்டாம்.

மூன்று நாளைக்கு ஸ்கூட்டர் எடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறல் ஒன்றைக் காட்டிக் காசு கேட்டார்கள். எடுக்கும்போது போட்டோ எடுக்கவில்லை, துண்டும் வாங்கவில்லை. என் லைசன்ஸ் அவர்களிடம் இருந்ததால் கொடுத்துவிட்டேன். – கண்டி

போட்டோ இல்லை. துண்டு இல்லை. லைசன்ஸும் கையில் இல்லை. மூன்று நாளும் பொலிஸ் மறித்திருந்தால் எதைக் காட்டியிருப்பீர்கள்? கடையின் பெயர் எழுதிய ஹெல்மட்டையா?

கோணேசர் கோவிலில் முப்பது போட்டோ எடுத்ததாக அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போனில் ஸ்கூட்டரை ஒருக்காச் சுற்றி வந்து வீடியோ எடுக்க அரை நிமிடம். கண்ணாடி, பக்கங்கள், டயர், பெற்றோல் முள், மீற்றரில் உள்ள கிலோமீற்றர். எடுத்ததும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்புங்கள், நேரம் தானாகப் பதியும். அடையாள அட்டை, லைசன்ஸ், கடவுச்சீட்டு எதையும் பிணையாக விடவேண்டாம். காசாக வைத்துத் துண்டு வாங்குங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. இன்சூரன்ஸ் பத்திரத்தை வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கு என்று எடுத்த இன்சூரன்ஸோடு வாடகைக்கு விட்ட வண்டி ஒரு விபத்தில் மாட்டினால், கீறல் காசெல்லாம் ஒரு காசா என்று ஆகிவிடும்.

காசு திரும்பாது. அடுத்த கடிதம்.

முகநூலில் நிலாவெளி வீடு ஒன்றைப் பார்த்து, ஐந்து குடும்பம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் முற்பணம் வங்கியில் போட்டோம். வந்து இறங்கினால் அங்கே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. போன் எடுபடவில்லை. பிள்ளைகள் முதல்முறை கடல் பார்க்க வந்தவர்கள். – ஹற்றன்

தங்கச்சி, இது உங்கள் பிழை இல்லை. 'வடிவாகப் பார்த்திருக்கலாமே' என்று சொந்தக்காரர் சொல்வார்கள். சொல்லட்டும். வேறொருவரின் வீட்டைப் படம் எடுத்துப் போட்டு ஏமாற்றியவன்தான் குற்றவாளி.

காசு போட்ட துண்டு, கணக்கு இலக்கம், அவன் எழுதிய செய்திகள், அந்தப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் எதையும் அழிக்கவேண்டாம். உங்கள் வங்கிக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள், காசு போய்ச் சேர்ந்த வங்கிக்கும் ஒரு பிரதி. பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். எல்லாம் திரும்பி வரும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதே கணக்கில் ஏமாந்த இரண்டாவது ஆள் வரும்போது, உங்கள் முறைப்பாடு ஏற்கெனவே அங்கே இருப்பது பெரிய விஷயம்.

மற்றவர்களுக்கு: முற்பணம் போடுமுன் வீடியோ அழைப்பு எடுத்து, வாசல் கேற்றில் இருந்து கடல்வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் நாயையும் சேர்த்துக் காட்டுவார். மற்றவருக்கு அன்று 'சிக்னல்' இருக்காது.

பிள்ளைகள் கடல் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பட்டணத்துக்குள்ளேயே டச் பே கடற்கரை இருக்கிறது. டிக்கெட் இல்லை, படகு இல்லை, முற்பணம் இல்லை. பின்னேரம் கச்சான் விற்பார்கள். அடுத்தமுறை வரும்போது எனக்கு முதலே எழுதுங்கள்.

கடற்கரைக் கடையில் தண்ணீர்ப் போத்தலுக்கு அச்சிட்ட விலையைவிடக் கூட எடுத்தார்கள். 'குளிரூட்டிய காசு' என்றார்கள். – வவுனியா

அப்படி ஒரு காசு சட்டத்தில் இல்லை. அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரலில் வர்த்தமானியில் தனியாகவே உச்ச விலை வந்தது. பில் கேளுங்கள், கேட்டால் கொடுக்கவேண்டியது கடைக்காரரின் கடமை. பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். சின்னக் காசுதானே என்று விடவேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் போகும் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்.

கடலுக்குள் பார்க்க என்ன கண்ணாடி வாங்குவது? முகம் முழுக்க மூடுவது நல்லதா? – திருகோணமலை

முழுமுகக் கண்ணாடி நல்ல வடிவு. ஆனால் விட்ட மூச்சு உள்ளேயே தங்கி, அதையே திரும்ப இழுக்கவேண்டி வரலாம். மலிவானதில் இந்தப் பயம் கூட. கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் பழைய வகையும், தனிக் காற்றுக்குழாயும் போதும். விளிம்பு மெத்தென்ற சிலிக்கனாக இருக்கவேண்டும், கண்ணாடி 'டெம்பர்ட்' என்று எழுதியதாக இருக்கவேண்டும். பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கானது. விழுந்தால் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். மீசைக்காரருக்கு எதுவும் சரியாக ஒட்டாது, அது கடைக்காரரின் பிழை இல்லை. காலுக்கு ஒரு ரப்பர் சப்பாத்தும் வாங்குங்கள். புறாமலைக் கரையில் கிடப்பது உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை), வெறுங்காலைக் கிழித்துவிடும். உயிருள்ள முருகையில் அந்தச் சப்பாத்தோடு ஏறி நிற்கவும் கூடாது.

'தண்ணீர் புகாத' போன் உறை வாங்கினால், முதலில் அதற்குள் ஒரு டிஷ்யூவை மடித்து வைத்து, வாளியில் அரை மணித்தியாலம் அமுக்கி வையுங்கள். நான் டிஷ்யூவுக்குப் பதிலாக நேரே போனையே வைத்தவன்.

திமிங்கிலம் பார்க்கப் போய் டொல்பின் மட்டும் பார்த்தோம். பாதிக் காசு கேட்கலாமா? – கொழும்பு

கேட்கலாம். திமிங்கிலத்திடம்.

முருகைக்கல்லும் ஆமை ஓடும் வீட்டு அலங்காரத்துக்கு எங்கே வாங்கலாம்?

எங்கேயும் இல்லை. வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம்.

கோட்டைக்குள் கோவிலுக்குப் போகும் வழியில், அன்று வாங்கிய பனையோலைத் தொப்பியை மான் தின்றுவிட்டது. யாரிடம் முறையிடுவது? – யாழ்ப்பாணம்

பில் இருக்கிறதா? இருந்தால் அதையும் மறைத்து வையுங்கள். என்னிடம் அந்த மான்கள் தின்றது ஒரு குடையின் உத்தரவாத அட்டையை. குடை அதற்கு முதல்நாளே உடைந்துவிட்டது.