பிழைக்கப் போனவர் யார்?

கேள்வி: சென்ற இதழில் கனடாவின் மேற்குக் கரையில் பத்திரிகை நடத்திய அமோர் டி காஸ்மோஸைப் பாராட்டியிருந்தீர்கள். பிழைக்கப் போன இடத்தில் பிழைப்பைப் பார்க்காமல், சோறு போட்ட ஊரின் ஆளுநரையே தாக்கி எழுதியவர். பெற்றோர் வைத்த பெயரைக்கூட உதறியவர். இது நன்றிகெட்டதனம் இல்லையா?

பதில்: நன்றி என்கிறீர்கள், யாருக்கு என்பதைச் சொல்லவில்லை. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவின் விண்ட்ஸர் ஊரில் 1825-இல் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித்தாகப் பிறந்து, தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியா சென்று, சுரங்க முகாம்களில் புகைப்படம் எடுத்துச் சம்பாதித்து, 1858-இல் வான்கூவர் தீவின் விக்டோரியாவுக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஃபிரேசர் ஆற்றில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, அவ்வாண்டு ஏப்ரலில் ஒரே கப்பலில் ஏறத்தாழ 450 பேர் வந்திறங்கியபோது, அந்த ஊரில் முன்பே குடியேறியிருந்தவர்கள் சில நூறு பேர்தான்.

ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் மட்டும் அந்த மண்ணில் முளைத்தவரா? தென்னமெரிக்காவின் டெமராராவில் பிறந்து, ஸ்காட்லாந்தில் படித்து, விலங்குத் தோல் வணிகம் செய்த கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மேற்கே வந்தவர் அவர். உங்கள் அளவுகோலை வைத்தால் இருவரும் பிழைக்கப் போனவர்களே. ஒருவர் முன்னே போனார், மற்றவர் பின்னே போனார். பூர்வகுடிகளான லெக்வங்கன் மக்கள்தான் அங்கே சொந்தக்காரர்கள்.

1851 முதல் 1858 வரை டக்ளஸ், தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் தலைமை அதிகாரியாகவும் தீவின் ஆளுநராகவும் ஒருசேர இருந்தார். அவருடைய சகோதரியின் கணவரே தலைமை நீதிபதி. கடைக்காரரும் அரசாங்கமும் நீதிமன்றமும் ஒரே வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்த இந்த ஏற்பாட்டைத்தான், 1858 டிசம்பர் 11-இல் டி காஸ்மோஸ் தொடங்கிய 'பிரிட்டிஷ் காலனிஸ்ட்' பத்திரிகை கேள்வி கேட்டது. மறு ஆண்டே ஆளுநர் ஒரு பழைய ஆங்கிலச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, பத்திரிகை நடத்துபவர் 800 பவுண்டுக்கு ஜாமீன் காட்ட வேண்டும் என்றார். பத்திரிகை நின்றது. விக்டோரியாவாசிகள் பொதுக்கூட்டம் கூட்டி, ஜாமீனுக்கு ஆள் சேர்த்து, அதை மீண்டும் அச்சேற வைத்தார்கள். ஆகவே 'சோறு போட்ட ஊர்' என்று நீங்கள் குறிப்பிடும் ஊர், அந்தத் தகராறில் ஆளுநரின் பக்கம் நிற்கவில்லை.

பெயர் மாற்றத்தை நான் குற்றமாகக் கருதவில்லை. கலிபோர்னியச் சட்டமன்றம் 1854-இல் முறையாகச் சட்டம் இயற்றிக் கொடுத்த பெயர் அது. ஒளிந்து வாழ்வதற்காகச் சூட்டிக்கொண்டதன்று. 'உலகை நேசிப்பவர்' என்ற பொருள் வரும்படி இரண்டு மூன்று மொழிகளைக் குழைத்ததில் தற்பெருமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1863-இல் அவர் 'காலனிஸ்ட்'டை விற்றுவிட்டார். 1872 டிசம்பரில், வான்கூவர் தீவும் அடங்கிய கனடா மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் இரண்டாவது முதல்வரானார். 1874-இல் அதே விக்டோரியா மக்கள் சட்டமன்றத்துக்குள் திரண்டு புகுந்ததும் பதவி விலகினார்.

அவர்மீது குற்றம் சுமத்தியே தீர வேண்டுமென்றால், நீங்கள் கைவைத்த இடம் தவறு. 1879-இல் கனடா நாடாளுமன்றம் சீனத் தொழிலாளர் குறித்து அமைத்த குழுவுக்கு, விக்டோரியாவின் உறுப்பினரான இவரே தலைவர். சீனர் குடியேற்றத்தை ஊக்குவிக்கக் கூடாது என்றும், மத்திய அரசின் பொதுப்பணிகளில் அவர்களுக்கு வேலை தரக் கூடாது என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. உலகை நேசிப்பதாகப் பெயரிலேயே எழுதிவைத்துக்கொண்ட மனிதர் அதற்குத் தலைமை தாங்கினார். அந்தச் சீனர்கள் விக்டோரியாவில் வந்திறங்கத் தொடங்கியதும், இவர் வந்த அதே 1858-இல், அதே தங்கத்தைத் தேடி, அதே கலிபோர்னியாவிலிருந்துதான்.