கடல் மீன் தொட்டி: முதல்முறை வைப்பவர்களின் கேள்விகள்

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல் மீனுக்கு மாறும்போது மீனைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். என் பதில்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் இருக்கிறோம். உப்பளத்துக் கல் உப்பு மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கரைத்து ஊற்றினால் போதாதா?

போதாது. உப்பளத்தில் நடப்பதையே யோசித்துப் பாருங்கள். பாத்தி பாத்தியாகக் கடல் நீர் சுண்டும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் அடியில் படிந்துவிடும். அதற்கடுத்த பாத்திகளில்தான் உப்பு விளையும். விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள், மெக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். கடைசியில் வாரி எடுப்பது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. சமையலுக்கு அதுதான் வேண்டும், ஆனால் மீனுக்கு அது பற்றாது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கும். மரைன் சால்ட் என்று விற்கும் உப்பில் இதெல்லாம் கணக்காகக் கலந்திருக்கும். விலை உறுத்தும்தான், ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

இந்த மரைன் சால்ட் லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் பிடிக்கும். தொட்டியில் கொட்டாமல் தனி டிரம்மில் கரையுங்கள். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும், அப்புறம் கரையவே கரையாது. தண்ணீரைச் சுழற்ற ஒரு இரவு முழுக்க டிரம்மில் மோட்டார் ஓடட்டும். காலையில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஒப்படர்த்தி அளவில் 1.025-ல் நிற்க வேண்டும்.

கேன் தண்ணீர் பயன்படுத்தலாமா? அல்லது மெரினாவிலிருந்து கடல் நீரையே எடுத்து வரலாமா?

கேன் தண்ணீரில் சுவைக்காகத் தாதுக்கள் சேர்த்திருக்கலாம். கரைந்திருக்கும் தாதுக்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். வீட்டு ஆர்ஓ-வுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் தாதுக்களையும் நீக்கும் ஒரு டிஐ கார்ட்ரிட்ஜ் மாட்டிக்கொள்வது நிம்மதி.

கரையோரக் கடல் நீர் வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் கடற்கரை அது. போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கரையோர நீரின் உப்புத்தன்மையும் இறங்கிவிடும்.

சிறிய தொட்டியில் தொடங்கிப் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

கடல் தொட்டியில் சிறியதுதான் கஷ்டம். 20 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானாலே உப்பு ஏறிவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 190 லிட்டர் பிடிக்கும். அதில் தொடங்குங்கள். ஆவியான நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர். உப்பு ஆவியாவதில்லை, தொட்டியிலேயேதான் இருக்கிறது.

தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆகிறது. கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. மீன் விடலாமா?

இன்னும் இல்லை. தெளிவுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே கிடையாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நிறமில்லாத நஞ்சு. அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை வேண்டும். கல்லிலும் மணலிலும் இவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் கொஞ்சம் விரைவாகலாம். ஆனால் ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த பாக்டீரியாவுக்குத் தீனியாக, மீன் விடுவதற்கு முன்பே அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு ஏற்றுங்கள். தோல் உரிக்காத ஒரு இறாலைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. வேலை நடக்கும், வீடு நாறும். டெஸ்ட் கிட் குழாயில் மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. இந்த நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், எல்இடி பல்பின் கீழ் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றாகத் தெரியும். 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். நடுவே மணலில் பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி, தானே போய்விடும்.

அம்மோனியாவுக்காக டாம்செல் என்னும் சிறிய கடல் மீனை விட்டுத் தொட்டியைப் பழக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது மீனுக்குச் செய்யும் கொடுமை. தப்பிப் பிழைத்த டாம்செல் அதன்பின் வரும் மீன்களையெல்லாம் விரட்டிக் கடிக்கும்.

சென்னை வெயிலுக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கட்டாயமா?

தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறையில் 30-ஐ எளிதாகத் தாண்டும். சூடு ஏறினால் நீரில் ஆக்சிஜனும் குறையும். நீர்ப்பரப்பின் மேல் சிறிய ஃபேன் வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்று வறண்ட கோவையில் இது நன்றாகவே எடுபடும். புழுக்கமான சென்னையில் அவ்வளவாக இல்லை. ஆகவே கடலோர ஊர்க்காரர்கள் பட்ஜெட்டில் சில்லரையும் சேர்த்துவிடுங்கள். அது வெளியே தள்ளும் சூடான காற்று மூடிய அலமாரிக்குள் அடைபடக் கூடாது.

ராமேஸ்வரம் பக்கம் போகும்போது கொஞ்சம் பவளக் கல் எடுத்து வந்து போடலாமா?

எடுக்கவே எடுக்காதீர்கள். கல் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. யாராவது விற்றாலும் வாங்குவது குற்றம். பாக்டீரியாவுக்கு வேண்டியது நுண்துளைகள் உள்ள பரப்பு, அவ்வளவுதான். செயற்கையாகச் செய்த செராமிக் கல் அந்த வேலையைச் செய்யும்.

மகளுக்கு நீமோவும் டோரியும் ஒரே தொட்டியில் வேண்டுமாம்!

நீமோ சரி. டோரி, அதாவது நீல டாங், ஒரு அடி வரை வளரும். மூன்றடித் தொட்டியில் அது பாவம். மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நீமோ எனப்படும் கோமாளி மீனுக்கு, கடலில் அது அடைக்கலம் புகும் கடல் சாமந்தி (அனிமோன்) அவசியமில்லை. பண்ணையில் பொரித்த குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இந்த மீன்களைப் பொரிக்க வைத்த இடங்கள். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு குஞ்சுகள் போதும். எல்லாமே முதலில் ஆண்தன்மையோடுதான் வளரும், பெரியது பிறகு பெண்ணாகும். கடையில் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.

வாங்கியதும் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் முக்கியத் தொட்டிக்குள் வந்துவிட்டால், அங்கே அதற்கான செம்பு மருந்தை ஊற்ற முடியாது. நத்தை, இறால் எல்லாம் செத்துவிடும்.

மின்வெட்டுக்கு என்ன செய்வது?

சில்லர் ஓடாவிட்டால் பரவாயில்லை. நீரைச் சுழற்றும் அலை மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆக்சிஜன் இல்லாமல் கெட்டிருக்கும். அதைக் கொட்டிக் கழுவிவிட்டு ஓடவிடுங்கள்.