ஐ-16 சண்டை விமானம்: கேள்வி பதில்

கே: சோவியத் ஐ-16இன் வேகம் எவ்வளவு?

ப: எந்த டைப்? டைப் 5 மணிக்குச் சுமார் 450 கி.மீ., டைப் 24 சுமார் 490. டைப் எண் போடாத எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள்.

கே: சண்டையில் அதன் பலம் என்ன?

ப: 1933 டிசம்பர் கடைசியில் சோதனை விமானி ச்கலோவ் முதன்முதலில் இதைப் பறக்கவிட்டபோது, விமானப்படைகளில் பெரும்பாலும் இரட்டை இறக்கை விமானங்கள்தான். வடிவமைப்பாளர் பொலிகார்போவ் ஒற்றை இறக்கையையும் மடங்கும் சக்கரங்களையும் சேர்த்துக் கொடுத்தார். நீளம் 6 மீட்டர் சொச்சம். எடை முழுக்க நடுவில் குவிந்திருப்பதால் சட்டென்று பக்கவாட்டில் உருளும். ஆனால் ஈர்ப்பு மையம் பின்தள்ளி இருப்பதால் மூக்கு அலையும், விமானி கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து கையை எடுக்க முடியாது. இதன் ஷ்காஸ் இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்கு 1,800 குண்டுகள் சுடும். டைப் 10இல் அப்படி நான்கு, அதாவது நொடிக்கு 120.

கே: சக்கரத்தை எப்படி மடக்குவது?

ப: கையால். தண்டை இடக்கைக்கு மாற்றி, வலப்பக்கக் கைப்பிடியை 44 சுற்று சுற்ற வேண்டும். அதுவரை விமானம் தலையாட்டிக்கொண்டே ஏறும். சக்கரத்தை இழுக்கும் கம்பிவடம் சிக்கினால் சக்கரம் பாதியில் நின்றுவிடும்.

கே: வளைந்து திரும்பும் சண்டையில் ஜப்பானின் கி-27 சண்டை விமானத்தை இது மிஞ்சும்தானே?

ப: மிஞ்சாது.

கே (அவரே): சின்ன விமானம் சின்ன வட்டம் அடிக்காதா?

ப: வட்டம் நீளத்தைப் பொறுத்ததல்ல, இறக்கை தாங்கும் எடையைப் பொறுத்தது. டைப் 10இல் சதுர மீட்டருக்குச் சுமார் 118 கிலோ. கி-27இல் நூறுக்கும் கீழே. விடாமல் இழுத்துத் திருப்பினால் ஐ-16 சுழன்றபடி கீழே விழும், அவ்வளவுதான்.

கே (மறுபடியும் அவரே): அப்படியானால் 1939இல் மங்கோலிய எல்லையில் ஜப்பானோடு நடந்த கால்கின் கோல் போரில் எப்படிச் சமாளித்தார்கள்?

ப: திரும்பாமல்! மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, அதே வேகத்தில் விலகிவிடுவது. பாய்ச்சலில் கி-27ஆல் பின்தொடர முடியாது. ஐ-16 விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு உண்டு. கி-27இல் கிடையாது, துப்பாக்கியும் இரண்டே. அந்த ஆகஸ்டில் ஆர்.எஸ்.-82 ராக்கெட்டுகளும் சேர்ந்தன. வட்டமடிக்கப் போனவர்கள்தான் மாட்டினார்கள்.

கே: ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐ வெல்லுமா?

ப: எந்த 109? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 109 பி-யோடு தாழ்வான உயரத்தில் ஈடுகொடுத்தது, மேலே போனால் திணறியது. 1941இல் எதிரே வந்த 109 எஃப் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் கூடுதல் வேகம். சண்டையைத் தொடங்குவதும் முடிப்பதும் ஜெர்மானியர் விருப்பம்.

கே: ஐ-16 அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகும்?

ப: முதல் பதில். டைப் எண்ணோடு வாருங்கள்.

கே: மாடலுக்கு எந்தப் பச்சை பூசலாம்?

ப: மாடல் கட்டுபவர்களைக் கேளுங்கள்.