லீன் என்றால் பணம் போய்விட்டதா?

தாராவி 90 அடி சாலையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "பேங்க் ஆப்பில் 'லீன் 6,000' என்று காட்டுகிறது. இது என்ன சொல்? பணம் போய்விட்டதா?"

போகவில்லை. உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. இப்போதைக்கு எடுக்க முடியாது, அவ்வளவுதான். லீன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் லத்தீன் வேருக்குக் 'கட்டுதல்' என்று பொருள். முட்டியில் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் கிழிந்துவிட்டது என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் அதே வேர்தான். தமிழில் பற்றுரிமை என்பார்கள். வரவு பற்றில் வரும் பற்று வேறு. அங்கே பணம் கழிந்துவிடும், இங்கே பிடித்து வைத்திருப்பதோடு சரி.

கூலி தராதவரின் துணியைத் தைத்துவிட்டும் கொடுக்காமல் வைத்திருப்பீர்களே, அதுவும் லீன்தான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் உரிமை அது. வங்கிக்கு 171.

தவணை பாக்கி, எஃப்டி (நிரந்தர வைப்பு) மேல் வாங்கிய கடன், ஐபிஓ (நிறுவனத்தின் புதுப் பங்கு வெளியீடு) விண்ணப்பம் என்று காரணம் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். ஒன்று மட்டும் வேறு மாதிரி. யாரோ ஏமாற்றிப் பறித்த பணம் கைமாறிக் கைமாறி, உங்கள் வாடிக்கையாளர் யுபிஐயில் அனுப்பிய தொகையாக வந்து சேர்ந்திருக்கலாம். நீங்கள் தவறே செய்யாவிட்டாலும் சைபர் புகாரின் பேரில் அது நிறுத்தப்படும். கிளையில் மன்றாடிப் பயனில்லை. பெரும்பாலும் போலீஸோ நீதிமன்றமோ சொன்னால்தான் விடுவார்கள். புகார் எண்ணையும் எந்த ஊர் போலீஸ் சைபர் பிரிவு என்பதையும் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணத்துக்கான பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். "கமிஷன் கொடு, லீனை எடுத்துத் தருகிறேன்" என்று வாட்ஸப்பில் வருபவனால் எதையும் எடுக்க முடியாது. ஓடிபி கேட்பான், கைபேசித் திரையைப் பகிரச் சொல்வான். மிச்சப் பணமும் போய்விடும். பிளாக் செய்யுங்கள். இன்ன காரணத்துக்காக இவ்வளவு நிறுத்தியிருக்கிறோம் என்று தமிழிலோ மராத்தியிலோ ஒரு வரி காட்ட வங்கிகளுக்கு என்ன தடை? அந்த ஒரு வரி இருந்தால் பாதித் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது.

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அதுவரை அந்த 6,000 ரூபாயையும் கணக்கில் சேர்த்து யாருக்கும் செக் கொடுக்காதீர்கள்; பணமில்லை என்று செக் திரும்பி வந்துவிடும்.