சைக்கிள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், ஜனநாயக சோசலிசம், சமூக ஜனநாயகம், கம்யூனிசம் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ‘மூன்றும் ஒன்றுதான், பெயின்ட்தான் வேறு’ என்கிறார் என் மச்சினர். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: மச்சினரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பெயரை நம்பினால் குழப்பம்தான். லெனின் கட்சியின் பெயரே 1918 வரை சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி! அதனால் மகளை இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தொழில் யாருக்குச் சொந்தம்? ஓட்டில் தோற்றால் நாற்காலியை விட்டு இறங்குவார்களா?

விடியற்காலையில் தாராவியிலிருந்து அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி வருவாரே, அந்த இட்லிக்காரரை எடுத்துக்கொள்வோம். சமூக ஜனநாயகத்தில் சைக்கிளும் லாபமும் அவருடையவை. பத்து ஆள் வைத்து வியாபாரத்தைப் பெருக்கலாம். ஆனால் வரி கூடுதல். அந்தப் பணத்தில்தான் பிள்ளைக்குப் படிப்பு, வீட்டுக்கு வைத்தியம், வேலை போனவருக்கு உதவித்தொகை எல்லாம். சுவீடனில் 1932 முதல் 1976 வரை ஏறக்குறைய விடாமல் ஆண்ட கட்சியின் வழி இது.

ஜனநாயக சோசலிஸ்டுக்கு இது போதாது. உடைமையே கைமாற வேண்டும், அதுவும் ஓட்டு வழியாக, என்பார். மின்சாரமும் போக்குவரத்தும் பொதுவில், மற்றதில் பெரும்பகுதி வேலை செய்கிறவர்கள் கையில். மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டாம். 1947 ஆகஸ்டில் தனியார் கம்பெனியிடமிருந்து மாநகராட்சி எடுத்துக்கொண்ட, பஸ்ஸும் மின்சாரமும் தரும் பெஸ்ட் இருக்கிறது. 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனம் இருக்கிறது. அங்கே அப்பளம் உருட்டுகிறவரே பங்காளி. (அவர்கள் யாரும் சோசலிசம் பேசுவதில்லை, அது வேறு.) அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ் தன்னை ஜனநாயக சோசலிஸ்ட் என்பார், ஆனால் மெச்சுவது டென்மார்க்கை. எங்களுடையது சந்தைப் பொருளாதாரம்தான் என்று 2015-இல் டென்மார்க் பிரதமரே சொல்லிவிட்டார். என் கணக்கில் சாண்டர்ஸ் பாதிக்கு மேல் சமூக ஜனநாயகவாதி.

கம்யூனிசத்தின் இலக்கு வர்க்கமும் அரசும் இல்லாத சமூகம். எந்த நாடும் அங்கே போய்ச் சேரவில்லை. சோவியத்தில் நடந்தது ஒரே கட்சி ஆட்சி, மேலிருந்து வரும் திட்டம். நம் இட்லிக்காரர் அங்கே அரசு உணவகச் சம்பளக்காரர். இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இடமில்லை.

இந்தியாவுக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் இடிக்கும். கேரளத்தில் 1957-இல் கம்யூனிஸ்டுகள் ஓட்டில்தான் வென்றார்கள். மேற்கு வங்கத்தில் 34 வருடம் ஆண்டவர்கள் 2011-இல் தோற்றதும் இறங்கிப் போனார்கள். இதே மும்பை 1967-இல் கம்யூனிஸ்ட் டாங்கேயையும் சோசலிஸ்ட் ஜார்ஜ் பெர்னாண்டஸையும் ஒருசேர மக்களவைக்கு அனுப்பியது. இதை மகள் கட்டாயம் சொல்லட்டும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம், ‘அரசியல் சட்ட முகப்புரையில் இருக்கும் சோசலிசம் எந்த வகை?’ என்று டீச்சர் மடக்கலாம். 1976-இல் 42-வது திருத்தத்தில் சேர்ந்த சொல் அது. மக்கள் நல அரசு என்றுதான் பொருள், தனியார் தொழிலுக்குத் தடை இல்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.